பூட்டில்லாத ஃபைல்

"அமுதா, அந்தப் பொட்டிய மூடு. ஊர்க்காரங்க வராங்க."

குப்பம்மாள் வாசலில் காரப்பொடி மீனைச் சாக்கில் பரப்பிக்கொண்டிருந்தாள். கை மீனில் இருந்தாலும் கண் தெருக்கோடியில் இருந்தது. உள்ளே அவள் மருமகள் அமுதவல்லி மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"மூடினா மட்டும் அப்படியே திரும்பிப் பூடுவாங்களா அத்தே?"

"வாயப் பாரு. தலைவரு வந்தா எழுந்து நில்லு. அது போதும்."

பங்குனி பிறந்துவிட்டது. தெற்கத்திக் காற்று மதியத்துக்கு மேல் மணலை வாரிக்கொண்டு வந்து சோற்றுப்பானைக்குள் போட்டது. கோட்டைக்குப்பத்தில் பங்குனி என்றால் முகத்துவாரத்தைப் பற்றித்தான் பேச்சு. ஏரி கடலோடு கலக்கிற அந்த வாயில் மணல் மேடிட்டு வழி குறுகிவிடும். நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று முழங்கால் தண்ணீர் நிற்கும். அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் ஒரு நொடி நிதானித்து, ஒரு அலை உடைந்து அடுத்தது எழுவதற்குள் எஞ்சினை முழுசாக முடுக்கிப் படகை உள்ளே விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் சோர்ந்தால் படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை அலை புரட்டிப் போடும்.

சோர்வதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஊரில் நாலைந்து ஃபைபர் படகுகளில் ஓடியது கார் எஞ்சின். விபத்தில் நசுங்கிய டீசல் கார்களின் எஞ்சினைப் பழைய சாமான் கடையில் பிடித்து, படகில் ஏற்றி, உப்புத்தண்ணீரில் ஓடும்படி பட்டறையில் மாற்றியிருந்தார்கள். எஞ்சினோடு அதன் கம்ப்யூட்டர் பெட்டியும் வந்தது. தான் இப்போது இருப்பது படகில் என்று அந்தப் பெட்டிக்கு யார் சொல்வது? அது பாட்டுக்கு ரோட்டில் போகிற நினைப்பிலேயே இருந்தது. சூடு கொஞ்சம் ஏறியதும் காரைக் காப்பாற்றுகிற அக்கறையில் டீசலைக் குறைத்தது. அதை ஊரில் "படுத்துக்கிச்சு" என்பார்கள்.

கண்ணப்பன் படகு மட்டும் இந்த வருஷம் ஒருமுறைகூடப் படுக்கவில்லை. அவன் பெண்டாட்டி அமுதவல்லி ஆரம்பாக்கத்துக்காரி. அவள் அப்பா ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்தாள். காரின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருப்பதைப் படித்து, வேண்டியதை மாற்றி எழுதுகிற பட்டறை. பெட்டிக்குள் இருப்பது வெறும் எண்களின் குவியல். டீசல் அளவு எது, சூட்டின் எல்லை எது என்று எதற்கும் பெயர் கிடையாது. அதை வாரக்கணக்கில் தடவித் தடவி, இந்த இடத்தில் இருப்பது இது என்று பெயர் வைத்து ஒரு ஃபைல் எழுத வேண்டும். டெஃபனிஷன் ஃபைல் என்பார்கள். அது இருந்தால் குவியல் அட்டவணை அட்டவணையாகத் திறந்துகொள்ளும். அமுதவல்லி எழுதிய ஃபைல்களை இன்டர்நெட்டில் முகம் தெரியாதவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதியதை இவள் எடுத்துக்கொண்டாள். காசு பணம் இல்லாத கொடுக்கல் வாங்கல். ஆனால் ஒவ்வொரு ஃபைலிலும், இந்த எண் உள்ள பெட்டிக்கு மட்டும் என்று ஒரு பூட்டு இருக்கும். வேறு பெட்டியைக் காட்டினால் திறக்காது.

அப்படி ஒரு ஃபைலை வைத்துத்தான் புருஷன் படகுப் பெட்டியில் சூட்டின் எல்லையை ஏற்றியிருந்தாள். அந்த ஃபைலிலும் அவள் பழக்கத்தில் பூட்டைப் போட்டிருந்தாள்.

ஊர்த்தலைவர் சிங்காரம் வாசலிலேயே நின்றார். கூட முத்துராஜ். கண்ணப்பன் வயசுக்காரன், படகுக்காரன்.

"உக்காருங்க மாமா."

"உக்கார வரல. உன் ஊட்டுக்காரன் எங்க?"

கொல்லையில் வலை பொத்திக்கொண்டிருந்த கண்ணப்பன் நூலும் ஊசியுமாக வந்தான்.

"நேத்து முத்துராசு படகு மேட்டாண்ட படுத்துக்கிச்சு. தெரியுமா கண்ணப்பா?"

"நாந்தானே தலைவரே கயிறு போட்டு இழுத்தேன்."

"உன் படகு படுக்கல."

"படுக்கல."

"ஏன் படுக்கல?"

கண்ணப்பன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அவளை இன்னாத்துக்குப் பாக்கற?" என்றான் முத்துராஜ். "ஊருக்கே தெரியும். உங்கிட்டருந்து ஃபைல வாங்கினு போய் ஆரம்பாக்கத்து மெக்கானிக் பிராங்க்ளின்கிட்ட குடுத்தேன். என் பொட்டில போட்டுப் பாத்தான். தொறக்கல. பூட்டிக் கீதாமே?"

"அது உங்க பொட்டிக்கு எழுதினது இல்லண்ணே."

"ஏன், உன் புருசன் பொட்டி மட்டும் தங்கத்துல செஞ்சதா? ஒரே கம்பெனி, ஒரே கார். நானும் அவனும் ஒரே கடையில ஒண்ணா வாங்கினது."

"காரு ஒண்ணுதான். வருசம் வேற. வருசம் மாறினா உள்ள எல்லாம் இடம் தள்ளிப் போயிருக்கும். இதுல சூடு இருக்கற எடத்துல அதுல வேற ஏதோ இருக்கும். அது தெரியாம கைய வெச்சா..."

"வெச்சா?"

"இன்னா ஆவும்னு எனக்கே தெரியாதுண்ணே. அதுக்குத்தான் பூட்டு."

சிங்காரம் குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை.

"இந்தாம்மா. ஏரியில நாம பாடு வெச்சி, மொறை மாத்தி மீன் புடிக்கறோம். இன்னிக்கி நல்ல எடம் உனக்கு, நாளைக்கி சேத்து எடம். வலைக்கண்ணு கூட ஊருக்கெல்லாம் ஒரே அளவு. ஒருத்தனுக்கு ஒண்ணு வந்தா எல்லாருக்கும் வரணும். இல்லியா, அவனும் அத்த விட்டுடணும். இது இன்னிக்கி நேத்து சட்டம் இல்ல."

"எனக்கும் அது புரியுது மாமா. அண்ணன் பொட்டில இருக்கறத படிச்சி எனக்கு அனுப்பச் சொல்லுங்க. அதுக்குன்னு தனியா எழுதித் தரேன்."

"எத்தினி நாளு?"

"தேடணும். ரெண்டு வாரமாச்சும் ஆவும்."

முத்துராஜ் சிரித்தான். "ரெண்டு வாரம் உன் புருசன் வஞ்சிரம் ஏத்திக்கினு வருவான். நாங்க கரையில குந்தி ஈ ஓட்டறதா?"

"அவரும் போவ வேணாம். நிறுத்திக்கறோம்."

"இன்னாது?" என்றான் கண்ணப்பன்.

குப்பம்மாள் மீன்கையோடு எழுந்து வந்தாள். "நிறுத்திக்கினு? சோத்துக்கு உன் பொட்டிய அவிச்சித் துன்றதா?"

"பூட்ட எடுத்துடு," என்றார் சிங்காரம். "ஃபைலப் பொதுவுல வை. இல்லன்னா அடுத்த பாட்டுல இந்த ஊட்டுப் பேரு கிடையாது. நான் சொல்லல. ஊரு சொல்லுது."

அவர்கள் போனார்கள். கடல் கிடைக்காத நாளில் ஏரிதான் அந்த வீட்டின் உலையை ஏற்றியது. பாடு போனால் ஏரியும் போனது. மடவை மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. கண்ணப்பன் ஊசியைக் கீழே வைத்தான்.

"எடுத்துட்டா இன்னா அமுதா? மேல எழுதி வெச்சிடு. இது இந்தப் பொட்டிக்குத்தான், பாத்துச் செய்யின்னு."

"யாரு படிப்பாங்க?"

"பிராங்க்ளின் படிக்க மாட்டானா?"

"அவன் கல்யாணப் பத்திரிகையே படிக்காம போறவன்."

கண்ணப்பன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. பூட்டு என்பது அந்த ஃபைலில் ஒரே ஒரு வரி. அவள் அதை அழித்தாள். மேலே தமிழிலும் இங்கிலீஷிலும் எச்சரிக்கை எழுதினாள். முதலில் பெட்டியைப் படித்து எனக்கு அனுப்பவும், நான் பார்த்துச் சொன்ன பிறகே எழுதவும். பிராங்க்ளினுக்கு அனுப்பினாள். போன் போட்டும் சொன்னாள். "கண்டிப்பா தங்கச்சி, நான் இன்னா கொழந்தையா?" என்றான் அவன்.

மறுநாள் சாயங்காலம் கண்ணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே சொன்னான்.

"காத்தால முத்துராசு படகுல ஏறுறேன்."

"எதுக்கு?"

"பிராங்க்ளின் வந்து அந்த ஃபைல ஏத்திட்டுப் போயிட்டான். பொதுவுல ஒண்ணு குடுத்தா, குடுத்தவன் மொதப் போக்குக்குக் கூட ஏறணும். எறவல் வலைன்னாலும் அதான், எஞ்சின்னாலும் அதான். உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. ஏரியோரத்தில் அந்த வழக்கம் இல்லை. கடலோரத்தில்தான். கொடுத்தவன் உயிரும் அதே படகில் இருக்கிறது என்றால் வாங்கியவன் பயமில்லாமல் முடுக்குவான்.

"ஏத்திட்டானா? எனக்கு அனுப்பவே இல்லியே. வேணாங்க. ஏறாதீங்க."

"நான் ஏறலன்னா அவன் இன்னா நெனைப்பான்? இவ ஏதோ வெச்சிக் கீறான்னுதான் நெனைப்பான்."

"நெனச்சிக்கட்டும்."

"நீ சொல்லிடலாம். நான் அவன் கூட தெனம் தண்ணில நிக்கணும்."

அவள் அதற்குமேல் மல்லுக்கு நிற்கவில்லை. பிராங்க்ளினுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை.

படகுகள் விடியலில் போயின. ஏரித்தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம். காற்றே இல்லை. முகத்துவாரத்தில் முத்துராஜ் படகு முடுக்கவே தேவையில்லாமல் வடிகிற தண்ணீரோடு நழுவிப்போனது. கரையில் நின்ற குப்பம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா? நீயா ஒரு பயம் பயந்துக்கினு."

வீட்டுக்கு வந்து இட்லிப் பானையை ஏற்றும்போது போன் கத்தியது. பிராங்க்ளின் ஒரு ஃபைல் அனுப்பியிருந்தான். கூடவே குரலில் ஒரு செய்தி. "தங்கச்சி, முத்துராசு பொட்டில முன்ன இருந்தது இது. முன்னாடியே அனுப்பச் சொன்னல்ல, மறந்துட்டேன். நீ வெச்சிக்க. ஆனா வேல சூப்பர்மா."

அமுதவல்லி அதை லேப்டாப்பில் போட்டுத் தன் ஃபைலால் திறந்தாள். பூட்டு இல்லாததால் சத்தமில்லாமல் திறந்தது. சூட்டின் எல்லை என்று அவள் பெயர் வைத்த இடத்தில் சூட்டுக்குரிய எண்ணே இல்லை. எந்தத் தண்ணீரும் அந்த அளவுக்குக் கொதிக்காது. அவள் மேலும் கீழும் தேடினாள். இட்லி தீய்ந்த வாடை வந்தது.

"ஏய், அடுப்பப் பாருடி."

"அத்தே, தலைவரு எங்க இருப்பாரு?"

"ஏலக் கொட்டாயில. இன்னா, ஏன் மூஞ்சி அப்படிக் கீது?"

"அது சூடு இல்ல அத்தே. டீசல் அழுத்தம். எல்லைய ஏத்திட்டாங்க. மெதுவா போனா ஒண்ணியும் தெரியாது. முழுசா முடுக்கினா பொட்டி அந்த அழுத்தத்தக் கேக்கும். பம்பால குடுக்க முடியாது. எங்கியோ ஒழுவுதுன்னு பொட்டி நெனச்சிக்கும். எஞ்சின அப்படியே நிறுத்திடும்."

"படுத்துக்குமா?"

"படுத்தாலாவது மெல்ல வரலாம். இது செத்துடும்."

குப்பம்மாள் அடுப்பை அணைத்தாள். இரண்டு பேரும் மணலில் ஓட முடியாமல் ஓடினார்கள். வெயில் ஏறி, தெற்கத்திக் காற்று தொடங்கிவிட்டிருந்தது. ஏலக் கொட்டாயில் ஐஸ் பெட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. பொன்னேரியிலிருந்து வந்த வியாபாரிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அமுதவல்லி மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் சிங்காரம் கேட்டார்.

"இப்போ இன்னா செய்யணும்ன்ற?"

"கொடி ஏத்துங்க மாமா."

கரை மேட்டின் மேல் ஒரு சவுக்குக் கம்பம் இருந்தது. வழி கெட்டுப்போன நாளில் தலைவர் அதில் சிவப்புத் துணி ஏற்றுவார். அதைப் பார்த்தால் எந்தப் படகும் உள்ளே வராது. வெளியிலேயே நிற்கும். நின்றால் மீன் நிற்காது.

"வழி நல்லாக் கீது. எல்லாப் படகையும் வெளில நிறுத்தி ஊரு மீனையெல்லாம் நாறடிக்கச் சொல்றியா? பூட்ட எடுக்கச் சொன்னேன்னு பழி வாங்கறியாம்மா?"

"என் புருசன் அதுல கீறாரு மாமா."

"நீதானே குடுத்த?"

குப்பம்மாள் மருமகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தலைவரே, எனக்கு இந்தப் பொட்டி ஒரு எழவும் தெரியாது. இவ தப்பாச் சொல்லியிருந்தா எங்க ஊட்டுப் பாட்ட எடுத்துக்க. மொத்தமா எடுத்துக்க. இப்போ கொடிய ஏத்து."

சிங்காரம் வியாபாரிகளைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

படகுகள் ஒவ்வொன்றாக வந்து துணியைப் பார்த்து அலைக்கு வெளியே நின்றன. கரையில் முணுமுணுப்பு எழுந்தது. முத்துராஜ் படகு கடைசியில் வந்தது. டவர் கிடைக்கிற தூரத்துக்கு வந்ததும் கண்ணப்பன் போனை பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். அமுதவல்லியின் போன் அடித்தது.

"இன்னா அமுதா கொடி? வழி நல்லாத்தானே கீது?"

"கொடி உங்களுக்குத்தான். முழுசா முடுக்காதீங்க. முடுக்கினா நின்னுடும். வேற படகுல கயிறு கட்டிக்கினு வாங்க."

முத்துராஜின் குரல் குறுக்கே வந்தது. "இன்னாம்மா இது? காத்தாலருந்து ஒரு இருமல் இல்லாம ஓடுது."

"நீங்க இன்னும் முடுக்கலண்ணே."

"இந்த மாசத்துல எத்தினி தடவ என்னக் கயிறு கட்டி இழுத்துக் கீறாங்க தெரியுமா? பொம்பளைங்க சிரிக்கறாங்க. உன் ஃபைலுதானே? உன் புருசன் ஏறித்தானே கீறான்?"

"தப்பு என்னுதுண்ணே. நான் பூட்ட எடுத்திருக்கக் கூடாது. கேளுங்க."

"கொடியக் கட்ட வெச்சதே நீதான்னா வழி தொறந்துதான் கீதுன்னு அர்த்தம். நான் வரேன்."

அவன் படகிலிருந்த மற்ற இரண்டு பேர் பக்கத்துப் படகுக்குத் தாவினார்கள். கரையிலிருந்தே தெரிந்தது.

"நீங்களும் மாறிக்கோங்க," என்றாள் அமுதவல்லி.

கண்ணப்பன் குரலைத் தாழ்த்தினான். "ஏறினவன் எப்படிம்மே எறங்கறது? எறங்கினா உன் ஃபைலு பொய்யின்னு ஆயிடும்."

"பொய்யிதான். நானே சொல்றேன்."

போனில் காற்று மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

படகு மூக்கைத் திருப்பியது. அலைக்குப் பின்னால் நிதானித்தது. முத்துராஜ் நல்ல கைக்காரன். சரியான அலையைத்தான் பிடித்தான். எஞ்சின் சத்தம் ஏறியது. ஏறி, இன்னும் ஏறி, கரையில் இருந்தவர்கள் "அதோ, ஒண்ணியும் ஆவல" என்று சொல்லத் தொடங்கினார்கள். குப்பம்மாளின் விரல்கள் மருமகளின் மணிக்கட்டை அழுத்தின.

சத்தம் நின்றது. தேய்ந்து நிற்கவில்லை, வெட்டினாற்போல் நின்றது. படகு இரண்டு ஆள் நீளம் தன் வேகத்திலேயே வந்தது. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல் குறுக்கே திரும்பியது. அடுத்த அலை அதன் அடிவயிற்றை எல்லோருக்கும் காட்டியது.

வெளியே நின்ற படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடுக்கின. கொடியைப் பார்த்து நின்ற படகுகள். அவை அங்கே இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"ஒரு தலை தெரியுது."

"யாரு?"

"தெரியல."

"இன்னொண்ணு?"

குப்பம்மாள் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்தாள். அலைகள் வந்து போயின. பிறகு படகின் மறுபக்கம், ஒரு கயிற்றைப் பற்றிக்கொண்டு, இன்னொரு தலை.

கரையில் இழுத்துப் போட்டபோது கண்ணப்பன் கடல் தண்ணீரையே வாந்தியெடுத்தான். முத்துராஜின் தோள்பட்டை கழன்று தொங்கியது. அவன் யாரையும் பார்க்கவில்லை. அமுதவல்லி புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூக்கிலிருந்த மணலைத் துடைத்தாள். வியாபாரிகள் ஓடிவந்து கைகொடுத்தார்கள். ஏலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

சிங்காரம் அவள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அந்தப் பூட்டில்லாத ஃபைலு நம்ம ஊர்ல மட்டுந்தானேம்மா கீது? மத்த படகுல ஏத்தலியே?"

"ஏத்தல மாமா. பிராங்க்ளின்கிட்ட மட்டுந்தான்..."

சொல்லும்போதே அவள் போனை எடுத்தாள். இந்த முறை அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"பிராங்க்ளின் அண்ணே, அந்த ஃபைல யாருக்காவது குடுத்தீங்களா?"

"யாருக்காவதா? நம்ம எஞ்சின் மெக்கானிக்கு குரூப்பு கீதில்ல, அதுல போட்டேன். இந்தாண்ட காசிமேடு, அந்தாண்ட ஆந்திரா கரை முச்சூடும் கீறாங்க. சலாம் வெச்சிக்கினே கீறாங்க தங்கச்சி. நேத்தே பல பேரு ஏத்திட்டாங்க. இன்னாத்துக்குக் கேக்கற? பொதுன்னு தலைவரு சொன்னாருல்ல?"

சிங்காரத்துக்கும் அது கேட்டது. அவர் ஈர மணலில் கையை ஊன்றிக்கொண்டார்.

"திருப்பி வாங்க முடியாதாம்மா?"

"முடியாது மாமா. அண்ணே, அந்த குரூப்புல இருக்கறவங்க நம்பரெல்லாம் அனுப்புங்க. இப்பவே. எதுவும் கேக்காதீங்க."

எண்கள் வந்தன. திரையை விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. முதல் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்து ஒரு பெண் எடுத்தாள். தெலுங்கு. ஆரம்பாக்கத்தில் வளர்ந்தவளுக்கு அது பாதித் தாய்மொழி. வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டாள் அமுதவல்லி.

"வேட்டக்கி போயினாரம்மா," என்றாள் அந்தப் பெண். மீன் பிடிக்கப் போயிருக்கிறார். எஞ்சினைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்களாம், இன்றைக்குத்தான் சிரித்த முகமாகப் போனார். அவள் பின்னாலும் அலை இரைந்தது. யாரோ பாத்திரம் துலக்கினார்கள்.

"உங்க முகத்துவாரத்துல கொடி ஏத்தற கம்பம் இருக்கா?" என்று அமுதவல்லி தெலுங்கில் கேட்டாள்.

"கொடியா?" என்றாள் அந்தப் பெண். "எதுக்கு?"